என் தம்பியின் வாழ்க்கைக்கு எத்தனை மதிப்பெண் போடுவது?

கேள்வி: என் தம்பிக்கு 36 வயது. பிறந்ததிலிருந்தே தீவிர அறிவுத்திறன் குறைபாடு. பேச்சு கிடையாது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான். அம்மா போன பிறகு என்னோடுதான் இருக்கிறான். பகலில் ஒரு பராமரிப்பு மையத்துக்குப் போய்வருகிறான். முன்பெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து சாவிக்கொத்தை முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருப்பான். ஒரு வருடமாக அதைத் தொடுவதே இல்லை. சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுகிறான். சமீபத்தில்தான் இரண்டு கண்ணிலும் புரை என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில், ‘இவருடைய வாழ்க்கைத் தரம் 0 முதல் 10 வரை எவ்வளவு?’ என்று ஒரு கேள்வி இருந்தது. நான் 4 போட்டேன். மையத்தில் அவனைப் பார்த்துக்கொள்பவர் 8 போட்டிருக்கிறார். டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு, ‘இவர் படிக்கப் போகிறாரா, வண்டி ஓட்டப் போகிறாரா? இந்த நிலைமையில் ஆபரேஷன் தேவையா என்று வீட்டில் பேசி முடிவு பண்ணுங்கள்’ என்றார். என் கணவரோ, ‘அவனுக்கு என்ன தெரியப் போகிறது, வேளாவேளைக்குச் சாப்பாடும் தூக்கமும் இருந்தால் போதாதா’ என்கிறார். நான் போட்ட 4 அவனுடைய ஆபரேஷனையே கெடுத்துவிட்டதோ என்று தூக்கம் வரமாட்டேன் என்கிறது. யார் போட்டது சரி? அவன் வாழ்க்கையை நான் எடைபோட முடியுமா?
— ஓர் அக்கா

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

ஆபரேஷன் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம், மற்றதற்கு அவசரமில்லை. உங்கள் தம்பிக்குக் கண்புரை அறுவை செய்யலாமா வேண்டாமா என்பதற்கும், நீங்கள் போட்ட 4-க்கும் மையத்துப் பணியாளர் போட்ட 8-க்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது. அந்த எண்ணைக் காட்டி யாராவது சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் தவறு அவர்களுடையது, உங்களுடையது அல்ல.

உங்கள் கடிதத்திலேயே பதிலில் பாதி இருக்கிறது. சாவிக்கொத்தை ஒரு வருடமாகத் தொடுவதில்லை, சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்புரை வலிக்காது; மெல்ல மெல்ல வளரும். பேசத் தெரிந்தவர் ‘மங்கலாகத் தெரிகிறது’ என்று சொல்லிவிடுவார். உங்கள் தம்பி அதைச் சொல்லிய விதம் இதுதான். மின்னுவது தெரியாவிட்டால் சாவிக்கொத்தில் என்ன விளையாட்டு இருக்கிறது? வெளிச்சம் கூசினால் ஜன்னல் பக்கம் எப்படி உட்காருவார்? எதிரே வருவது தெரியாதபோது முதுகைச் சுவரில் சாய்த்து உட்காருவதுதான் பத்திரம். நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இது பொருந்திப் போகிறது.

இப்போது நடந்திருப்பதைப் பாருங்கள். பார்வை மங்கியது, அதனால் அவருடைய சந்தோஷங்கள் குறைந்தன. அதைக் கவனித்த நீங்கள் 4 போட்டீர்கள். அந்த 4-ஐக் காட்டி, ‘வாழ்க்கையே இப்படித்தான் இருக்கிறது, பார்வை எதற்கு’ என்று கேட்கிறார்கள். குறையக் காரணமாக இருந்த நோயைக் குணப்படுத்தாமல் விடுவதற்கு, குறைந்துபோன அதே வாழ்க்கையைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான எங்கள் துறையில் இதற்கு நெருங்கிய ஒரு கோளாறை 1980-களிலிருந்தே பேசிவருகிறார்கள். எந்த மாற்றத்தைப் பார்த்தாலும் ‘அது அவருடைய குறைபாட்டினால்தான்’ என்று சொல்லிவிட்டு, அதன் பின்னால் இருக்கும் நோயைத் தேடாமல் விட்டுவிடுவது. பல்வலி, மலச்சிக்கல், வயிற்றிலிருந்து அமிலம் மேலேறும் எதுக்களிப்பு, காதில் அடைத்த குறும்பி என்று இந்த மாதிரி மறைந்து கிடப்பவை ஏராளம்.

படிப்பதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் மட்டும்தான் கண் என்று யார் சொன்னது? பேச்சு புரியாதவருக்குக் கண்தான் நாட்காட்டி, கண்தான் கடிகாரம். துண்டைப் பார்த்தால் குளியல் என்று தெரியும். செருப்பை எடுத்தால் வெளியே போகிறோம் என்று தெரியும். ஸ்பூன் வருவது தெரிந்தால் வாயைத் தானாகத் திறப்பார். தெரியாவிட்டால் அது திடீரென்று உதட்டில் வந்து இடிக்கும் ஒரு பொருள், தட்டிவிடத்தான் செய்வார். அதைப் பார்த்து ‘இப்போதெல்லாம் முரட்டுத்தனம் அதிகமாகிவிட்டது’ என்று ஒரு குறிப்பு எழுதுவார்கள், அப்புறம் அதற்கு ஒரு மாத்திரை. நீங்கள் வருகிறீர்களா, வேறு யாராவதா என்பதைக்கூட அவர் முகம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருந்திருப்பார். அறுவையால் அவருக்குக் கிடைக்கக்கூடியது இதெல்லாம். டாக்டரிடம் பேசவேண்டியதும் இதைத்தான்: பார்வை திரும்பினால் இவருக்கு எது எது திரும்பும், அதற்கு இவர் என்னென்ன கஷ்டம் படவேண்டியிருக்கும்?

சரி, 4-க்கும் 8-க்கும் வருவோம்.

உலக சுகாதார நிறுவனம் 1995-இல் கொடுத்த வரையறைப்படி, வாழ்க்கைத் தரம் என்பது ஒருவர் தன் வாழ்க்கை நிலையைத் தானே எப்படி உணர்கிறார் என்பது. அந்த ‘தானே’தான் சிக்கல். உங்கள் தம்பியின் உணர்வை அவர்தான் சொல்ல முடியும். அவரால் சொல்ல முடியாது. எனவே பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறோம். பதிலாள் சொல்லும் மதிப்பெண்களைப் பற்றி 1992-இல் ஸ்பிராங்கர்ஸ், ஆரன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு தொகுப்பாய்வு செய்தார்கள். அது நோயாளிகளையும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களையும் பற்றியது. பார்த்தால் தெரியும் விஷயங்களில் இரு தரப்பும் ஓரளவு ஒத்துப்போகிறார்கள். மனதுக்குள் நடப்பதில் விலகிவிடுகிறார்கள். பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர்தான் குறைத்துப் போடுகிறார். ஆஸ்திரேலிய உளவியலாளர் ராபர்ட் கம்மின்ஸ் 2002-இல் இன்னும் கறாராக எழுதினார்: அகநலனை, அதாவது ஒருவர் மனதுக்குள் உணரும் நலனைப் பொறுத்தவரை பதிலாள் போடும் எண்ணை அந்த மனிதருடைய எண்ணாக எடுத்துக்கொள்ளவே முடியாது என்று. இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம்.

குறைத்துப் போடுவதற்கு ஒரு காரணம் நமக்கே தெரிந்ததுதான்: ‘எனக்கு இப்படி ஆகியிருந்தால்’ என்று நினைத்துப் பார்ப்போம். நடந்து, பேசி, தானே முடிவெடுத்துப் பழகிய ஒருவர் அதையெல்லாம் இழந்தால் எப்படி இருக்கும் என்பது அந்தக் கற்பனை. உங்கள் தம்பி எதையும் அப்படி இழக்கவில்லை. அவர் பிறந்ததிலிருந்து வாழ்வது இந்த வாழ்க்கையைத்தான். 1999-இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இரு ஆய்வாளர்கள், ஊனத்தோடு வாழும் 153 பேரைச் சந்தித்துப் பேசினார்கள். கடுமையான ஊனத்தோடு வாழ்பவர்களில் 54 சதவீதம் பேர் தங்கள் வாழ்க்கைத் தரம் நன்று அல்லது மிக நன்று என்றார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எதிர்பார்க்காத பதில் அது. அவர்கள் பேசக்கூடியவர்கள், ஆகவே அந்தக் கணக்கை அப்படியே உங்கள் தம்பிக்குப் பொருத்த முடியாது. ஆனால் வெளியிலிருந்து போடும் கணக்கை நம்பக் கூடாது என்பதற்கு அது போதும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த 4-இல் உங்கள் களைப்பும் கொஞ்சம் கலந்திருக்கலாம். இரவில் எழுந்திருப்பவர் நீங்கள். அம்மா இருந்தபோது அவர் எப்படி இருந்தார் என்று ஒப்பிடுபவரும் நீங்கள்தான். பராமரிப்பவரின் மனநிலை மதிப்பெண்ணில் ஏறிவிடுவது எங்கும் நடப்பது. அது அன்புக் குறைவு அல்ல.

அதற்காக 8 சரி என்று ஆகிவிடாது. மையத்துப் பணியாளர் தம்பியை அவருடைய நல்ல நேரத்தில் பார்க்கிறார்: பகல், பாட்டு, பழகிய ஆட்கள். அதோடு, அந்த எண் ஒரு வகையில் அவருடைய வேலைக்கு அவரே போடும் மதிப்பெண்ணும்தான். ‘தொந்தரவு பண்ணுவதில்லை, அமைதியாக இருக்கிறார்’ என்பதால் 8 போட்டிருந்தால் எனக்குக் கவலைதான். அமைதிக்குப் பல காரணம் உண்டு. திருப்தியாக இருப்பவரும் அமைதியாக இருப்பார். மாத்திரை மயக்கத்தில் இருப்பவரும், கண் தெரியாமல் ஒடுங்கிப்போனவரும் அமைதியாகத்தான் இருப்பார்கள். மாத்திரை என்றதும் ஞாபகம் வருகிறது: அறிவுத்திறன் குறைபாட்டோடு ஆக்ரோஷமும் இருந்த 86 பேரை வைத்து நடத்திய ஒரு சோதனை 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மனநோய்க்கான இரண்டு மருந்துகளையும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். ஆக்ரோஷம் அதிகமாகக் குறைந்தது வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிடம். உங்கள் தம்பிக்கு வலிப்பு மாத்திரை தவிர வேறு ஏதாவது ஓடுகிறதா என்று பட்டியலைப் பாருங்கள். இருந்தால் எதற்காக, எப்போதிலிருந்து என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு மாத்திரையை நிறுத்தவே கூடாது.

ஆக, யார் சரி? இருவரும் பார்த்தது உண்மை. அதை ஓர் எண்ணாக மாற்றியபோதுதான் கெட்டுப்போனது. 4-ஐயும் 8-ஐயும் கூட்டி வகுத்து 6 என்று யாராவது சொன்னால், அந்த 6-க்கு ஒரு பொருளும் கிடையாது. தம்பியின் வாழ்க்கையை உங்களால் எடைபோட முடியுமா என்று கேட்டீர்களே, அது உங்கள் வேலையே இல்லை என்பது என் கருத்து. நீங்கள் பார்த்ததைச் சொல்வதுதான் உங்கள் வேலை. அதை உங்களைவிட நன்றாகச் செய்ய ஆள் கிடையாது.

எப்படிச் சொல்வது? ‘சந்தோஷமாக இருக்கிறார்’ என்று எழுதாதீர்கள், அது முடிவு. என்ன பார்த்து அப்படி நினைத்தீர்கள் என்பதை எழுதுங்கள். உதாரணத்துக்கு: ‘தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் ராகம் போட ஆரம்பித்தான், வலது கையை நீட்டினான், நிறுத்தியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக் குழாய்ப் பக்கம் இழுத்தான்.’ இப்படி ஒரு வரி பத்து மதிப்பெண்ணுக்குச் சமம். இதைப் படிப்பவருக்கு அவருக்கு எது பிடிக்கும், பிடித்தால் என்ன செய்வார், இன்னும் வேண்டும் என்பதை எப்படிக் கேட்பார் என்று மூன்றும் தெரிந்துவிடுகிறது. பிடிக்காததையும் அதேபோல: முகத்தைத் திருப்புகிறாரா, உடம்பு விறைக்கிறதா, கையைக் கடிக்கிறாரா, மூச்சு வேகமாகிறதா, அல்லது ஒன்றுமே செய்யாமல் வெறித்துக்கொண்டு உட்காருகிறாரா. கடைசியாகச் சொன்னதுதான் எல்லோர் கண்ணிலிருந்தும் தப்பிப்போகும்.

பிரிட்டனில் கிளாட் ரெனார்ட் என்ற மருத்துவரின் குழுவினர் பேச்சில்லாதவர்களின் துன்பத்தை அடையாளம் காண ஒரு கருவி உருவாக்கினார்கள். அது பற்றிய ஆய்வு 2007-இல் வந்தது. அவர்கள் கண்டது: வலிக்கு என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு சைகை இல்லை. ஒருவர் கத்துவார், ஒருவர் சிரிப்பார், ஒருவர் ஓடிப்போய் மூலையில் நிற்பார். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு பாஷை இருக்கிறது, அது அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரிகிறது. அதனால் அந்தக் கருவியில், அவர் நிம்மதியாக இருக்கும்போது முகம், கண், குரல், உட்காரும் விதம் எல்லாம் எப்படி இருக்கும் என்றும் எழுதி வைக்கச் சொல்கிறார்கள். ஒப்பிடுவதற்கு அது வேண்டும். தீவிரக் குறைபாடு உள்ளவர்களின் மனநிலை, ஆர்வம், மகிழ்ச்சி மூன்றையும் கவனிப்பதற்கு ராஸ், ஆலிவர் என்ற இருவர் 2003-இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார்கள். அதுவும் கடந்த இரண்டு வாரத்தில் நீங்கள் பார்த்ததைத்தான் கேட்கும். உங்கள் உளவியலாளரிடம் இதுபோல ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டாலும் ஒரு சாதாரண நோட்டு போதும்.

அந்த நோட்டை நீங்களும் மையத்துப் பணியாளரும் தனித்தனியாக ஒரு வாரம் எழுதுங்கள். பிறகு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் விஷயம் இருக்கும். மையத்தில் ராகம் போடுகிறார், வீட்டில் போடுவதில்லை என்றால், யார் சொல்வது பொய் என்று பார்க்க வேண்டாம். வீட்டில் அந்த நேரத்தில் வெளிச்சம் எப்படி, சத்தம் எப்படி, பசியா, முந்தைய இரவு வலிப்பு வந்ததா என்று பாருங்கள். போனில் சின்னச் சின்ன வீடியோ எடுத்து வைத்துக்கொள்வதும் உதவும், டாக்டரிடம் காட்டவும் சேர்த்து. அவருடைய மானத்துக்குக் குறைவில்லாதபடி எடுங்கள், குடும்ப குரூப்பில் போடாதீர்கள்.

உங்கள் கணவர் சொன்னதைப் பற்றி. சாப்பாடும் தூக்கமும் சின்ன விஷயமல்ல, அதில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது போதும் என்பதில் உண்டு. தீவிரக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஸ்பெயினில் 2014-இல் வெளியிட்ட சான் மார்ட்டின் அளவுகோலில் எட்டுப் பகுதிகள் இருக்கின்றன. உடல்நலம் அதில் ஒன்றுதான். உறவுகள், தானே தேர்ந்தெடுப்பது, புதிதாகக் கற்றுக்கொள்வது, வெளியே மனிதர்களோடு கலப்பது, உரிமைகள் என்று மற்றவையும் அதே வரிசையில் வருகின்றன. ‘அவனுக்கு என்ன தெரியப் போகிறது’ என்பதற்கு நீங்கள் வாதாட வேண்டாம். இரண்டு சட்டையை நீட்டி, எதை நோக்கித் தம்பியின் கை போகிறது என்று கணவரையே ஒருநாள் கவனிக்கச் சொல்லுங்கள். கண் சரியில்லாத இப்போதைக்கு, துணி தொடுவதற்கு வித்தியாசமாக இருக்கட்டும். கையில் கொடுத்து, எதை வைத்துக்கொள்கிறார் எதைத் தள்ளுகிறார் என்று பாருங்கள்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எண்ணைக் கொண்டுபோகாதீர்கள், நோட்டைக் கொண்டுபோங்கள். ‘நான் போட்ட 4 பார்வை போன பிறகு அவன் இருக்கும் நிலை, சிகிச்சை வேண்டாம் என்பதற்கான காரணம் இல்லை’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து, கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் வந்தது. அதன் 25-ஆவது பிரிவு, ஊனத்தைக் காரணம் காட்டி மருத்துவ சேவையைப் பாரபட்சமாக மறுக்கக் கூடாது என்கிறது. தன் விருப்பத்தைச் சொல்ல முடியாதவர் விஷயத்தில், அவருக்கு எது நல்லது என்று மற்றவர்கள் முடிவுகட்டுவதற்குப் பதிலாக, அவர் விருப்பம் எதுவாக இருக்கும் என்று முடிந்தவரை சரியாகப் புரிந்துகொண்டு நடக்கவேண்டும் என்று அந்த உடன்படிக்கைக்கான குழு 2014-இல் விளக்கம் கொடுத்தது. ஜன்னலோரமும் சாவிக்கொத்தும் அந்த விருப்பத்துக்கு நல்ல ஆதாரம்.

மதிப்பெண் எப்படி வழி தவறும் என்பதற்குப் பக்கத்து உதாரணம் கோவிட் காலத்தில் நடந்தது. 2020 மார்ச்சில், சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, தீவிர சிகிச்சைக்கான அவசர வழிகாட்டுதலில் உடல் தளர்ச்சி அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்தச் சொன்னது. அன்றாட வேலைக்கு எவ்வளவு பிறர் உதவி வேண்டும் என்று பார்க்கும் அளவுகோல் அது. வாழ்நாள் முழுக்க உதவி தேவைப்படும், ஆனால் உடம்பு திடமாக இருக்கும் இளைஞர்கூட அதில் ‘மிகவும் தளர்ந்தவர்’ ஆகிவிடுவார். குடும்பங்களும் அமைப்புகளும் எதிர்த்ததும், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சில நாட்களிலேயே திருத்தினார்கள்.

ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்ல நியாயமான காரணங்களும் இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்க மருந்து அவர் உடம்புக்கு ஆபத்தா, விழித்திரை ஏற்கெனவே கெட்டிருக்கிறதா, அப்படியானால் புரையை எடுத்தும் எவ்வளவு பலன் இருக்கும்? தலையை மோதிக்கொள்ளும், கண்ணைக் குத்திக்கொள்ளும் பழக்கம் முன்பு இருந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதனாலும் புரை வரலாம், விழித்திரையும் விலகியிருக்கலாம். இவையெல்லாம் கண்ணைப் பற்றியும் உடம்பைப் பற்றியுமான காரணங்கள். ‘இவருக்கு எதற்கு’ என்பது இந்தப் பட்டியலில் வராது. அந்த டாக்டர் அதையே திருப்பிச் சொன்னால், இன்னொரு கண் மருத்துவரைப் பாருங்கள்.

செய்வதாக முடிவானால், முழு மயக்கம் கொடுத்துத்தான் பெரும்பாலும் செய்ய வேண்டியிருக்கும். வலிப்பு மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம் எல்லாவற்றையும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே கொடுத்து, அன்று காலை மாத்திரையை என்ன செய்வது என்று கேளுங்கள். அதே மயக்கத்தில் பல்லையும் காதையும் பார்த்து, ரத்தமும் எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள். சம்மதிக்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு. இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்யலாமா என்பதையும் பேசுங்கள். அதில் சாதகமும் உண்டு, தொற்று பற்றிய பயமும் உண்டு.

எல்லாவற்றையும்விட அவருக்குச் சிரமம் ஆபரேஷனுக்குப் பிறகுதான்: கண்ணைக் கசக்கக் கூடாது, சொட்டு மருந்து விட விடவேண்டும், கண் கவசம் போட்டுக்கொள்ளவேண்டும். இதை அன்றைக்குப் போய் ஆரம்பித்தால் நடக்காது. எனவே தேதி கிடைக்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில், அவர் நிதானமாக இருக்கும்போது, நெற்றியில் கை வைத்து எடுங்கள், அவ்வளவுதான் முதல் சில நாளைக்கு. உடனே அவருக்குப் பிடித்த ஏதாவது ஒரு விளையாட்டு. அடுத்து இமையைத் தொடுவது. அப்புறம் டாக்டரிடம் கேட்டு வாங்கிய, மருந்தில்லாத கண்ணீர்ச் சொட்டு ஒன்றே ஒன்று. முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். மறுநாள் ஒரு படி கீழேயிருந்து ஆரம்பிக்கலாம். மையத்திலும் இதே வரிசையில் செய்யச் சொல்லுங்கள். நோட்டில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கண் கவசத்தோடு அவர் எத்தனை நிமிடம் இருக்கிறார் என்பது அறுவை செய்யும் டாக்டருக்கு மிகவும் தேவைப்படும் தகவல்.